ஆண்டறிக்கை: முகாமில் ஒரு மாரத்தான் தொடர் ஓட்டம்

தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

வாராந்திர ஓட்டங்களும் பயிற்சிகளும் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் சொல்ல வந்தது, தொலைதூர ராணுவ முகாமில் பணியில் இருக்கும் நம் உறுப்பினர்களுக்கும் அவர்களுடைய சக வீரர்களுக்கும் நாம் ஏற்பாடு செய்த தொடர் ஓட்டத்தைப் பற்றி.

எல்லோரும் ஒன்றாக ஓடினால் போதாதா என்று செயற்குழுவில் கேட்டார்கள். முகாமில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஓய்வு கிடைப்பதே இல்லை. ஒருவர் காவல் முடிந்து வரும்போதுதான் இன்னொருவர் கிளம்புவார். தொடர் ஓட்டம் என்றால் அவரவர் முறைக்கு வந்தால் போதும். அதனால் ஜப்பானின் எகிடென் முறையை எடுத்துக்கொண்டோம். 1917இல் கியோட்டோவிலிருந்து டோக்கியோவுக்குச் சுமார் 508 கிலோமீட்டர் ஓடித் தொடங்கிய மரபு அது. தடிக்குப் பதில், தோளில் குறுக்காகப் போடும் துணிப்பட்டை கைமாறும். அணிக்கு ஆறு பேர்: 5, 10, 5, 10, 5, கடைசியாக 7.195 கிலோமீட்டர். மொத்தம் 42.195 கிலோமீட்டர், அதாவது ஒரு முழு மாரத்தான் தூரம்.

வேலிக்குள் கிடைத்தது 2.5 கிலோமீட்டர் சுற்றுப்பாதை. 17 சுற்று ஓடினால் 305 மீட்டர் கூடிவிடும். அதனால் முடிவுக்கோட்டை, பட்டை மாற்றும் இடத்துக்கு 305 மீட்டர் முன்னதாகவே போட்டார்கள். அளந்தது அளவுச் சக்கரத்தால்தான். ஜிபிஎஸ் கடிகாரத்துக்கு அனுமதி இல்லை. அது மிகச் சரியான கட்டுப்பாடு என்பது என் கருத்து. ஓடுபவர்களின் பாதையை ஜிபிஎஸ் வழியே பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலி வெளியிட்ட உலக வரைபடத்தில் ராணுவ முகாம்களின் ஓட்டப்பாதைகள் பளிச்சென்று தெரிந்தது 2018 ஜனவரியில் பெரிய செய்தியானது. நேரத்தை ஸ்டாப்வாட்ச் வைத்துக் கையால் எழுதினார்கள்.

வெயிலுக்குப் பயந்து விடியலுக்கு முன்பே தொடங்கினோம். வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று நான்கையும் சேர்த்துப் பார்க்கும் டபிள்யூபிஜிடி அளவு 32 டிகிரி செல்சியஸைத் தொட்டால் ஓட்டம் நிற்கும் என்று முன்னதாகவே எழுதி வைத்தோம். உடல் புது வெப்பத்துக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். புதிதாக வந்திறங்கியவர்கள் ஓட ஆசைப்பட்டாலும், அவர்களுக்குத் தண்ணீர் மேசையையும் நேரக் குறிப்பையும்தான் கொடுத்தோம்.

விதிகளில் நான் பெரிதாக நினைப்பது ஒன்று: யாரை எப்போது பணிக்கு அழைத்தாலும் அணிக்குத் தண்டனை கிடையாது, மாற்று வீரர் இறங்கலாம். ஓர் அணியில் ஐந்தாவது ஆள் நின்றுகொண்டிருந்த இடத்திலிருந்தே அழைக்கப்பட்டார். சமையற்கூடத்தில் இருந்த மாற்று வீரர் ஏப்ரனைக் கழற்றி வேலியில் மாட்டிவிட்டு வந்து பட்டையை வாங்கினார். அந்த 5 கிலோமீட்டரை அவர் ஓடி முடித்தபோது, மற்ற அணிக்காரர்களும் கைதட்டினார்களாம். கடிதத்தில் இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

அடுத்த ஆண்டுக்கு இரண்டு கோரிக்கைகள் வந்துள்ளன. இருட்டில் ஒளிரும் பட்டை வேண்டும். அணிக்கு இரண்டு மாற்று வீரர்கள் வேண்டும். இரண்டையும் பொதுக்குழு ஏற்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறேன்.

பட்டைகளைத் தைத்துக் கொடுத்த வீரர்களின் குடும்பத்தாருக்கும், அனுமதி தந்த முகாம் அதிகாரிகளுக்கும், மருத்துவக் குழுவுக்கும் சங்கத்தின் நன்றி. அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்