வசாபி புழுவைக் கொல்லாது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த ஜப்பான் பயணக் கட்டுரையில், பச்சை மீனோடு வசாபி என்ற காரமான பச்சை விழுதை வைப்பதே புழுவைக் கொல்லத்தான் என்று எழுதியிருந்தார்கள். அது தவறு, நம்பிச் சாப்பிடுபவருக்கு ஆபத்தும்கூட.

அனிசாகிஸ் என்ற ஒட்டுண்ணிப் புழு வெள்ளை நூல் மாதிரி 2, 3 செ.மீ. நீளம் இருக்கும். கானாங்கெளுத்தி வகைகள், சூரை, கணவாய் இவற்றில் அதிகம். வசாபி, சோயா சாஸ், உப்பு, வினிகர் எதற்கும் அது சாகாது. மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரத்துக்கு மேல் உறைய வைக்க வேண்டும். இல்லாவிட்டால் 60 டிகிரியில் ஒரு நிமிடமாவது வேக வேண்டும். ஜப்பான் சுகாதார அமைச்சகம் சொல்வதும் இதுதான். மீன் செத்த பிறகு புழு குடலை விட்டுச் சதைக்குள் நகரும் என்பதால், விவரமான சமையல்காரர் குடலை உடனே எடுத்துவிடுவார்.

கட்டுரையில் பாராட்டியிருந்த சாகா மாநிலத்து யோபுகோ என்ற துறைமுக ஊரில் உறைய வைக்கும் பேச்சே இல்லை. அங்கே கணவாயை உயிரோடு தொட்டியிலிருந்து எடுத்து, அறுத்து, அப்படியே தட்டில் வைக்கிறார்கள். சதை கண்ணாடியாகத் தெரியும், கால்கள் நெளிந்துகொண்டிருக்கும். சதையின் மேல் நெருக்கமாகக் கத்திக் கீறல்கள் இருக்கிறதா என்று பாருங்கள். மெல்லுவதற்குச் சுலபம் என்பது ஒரு காரணம். உள்ளே புழு இருந்தால் வெட்டுப்படும் என்பது இன்னொன்று. முழுப் பாதுகாப்பு அல்லதான். நன்றாக மென்று தின்பது நல்லது. போட்டோ எடுத்து முடிப்பதற்குள் சதை வெளுத்துவிடும், அந்த நறுக்கென்ற பதமும் குறையும். வசாபியைச் சாஸில் கரைக்காமல் துண்டின் மேல் துளி வைத்து, சாஸை லேசாகத் தொட்டால் போதும். இந்த ஊர் இருக்கும் கியூஷு தீவின் சோயா சாஸ் கொஞ்சம் இனிக்கும். கெட்டுப்போனது என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

உடல் பகுதி தீர்ந்ததும் கால்களைத் திரும்ப எடுத்துப்போய், டெம்புராவா (மாவில் தோய்த்துப் பொரித்தது), உப்புப் போட்டுச் சுட்டதா என்று கேட்பார்கள். என் ஓட்டு டெம்புராவுக்கு. வயிறு சரியில்லாதவர்கள் இதோடும், ஆவியில் வெந்த கொழுக்கட்டை மாதிரியான கணவாய் ஷூமாயோடும் நிறுத்திக்கொள்ளலாம். சைவர்களை அழைத்துப்போவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப்பில் மீன் துண்டு தெரியாவிட்டாலும், பெரும்பாலும் அதன் சாறு காய்ந்த மீனில் எடுத்ததுதான்.

காற்று பலமாக அடித்தால் படகு போகாது, கணவாயும் வராது. கிளம்புமுன் கடைக்குப் போன் போட்டு விசாரியுங்கள். பட்டியலில் விலைக்குப் பதில் 'ஜிகா' என்றிருந்தால் அன்றைய சந்தை விலை; ஆர்டர் சொல்வதற்கு முன் எவ்வளவு என்று கேட்டுவிடலாம், தப்பாக நினைக்க மாட்டார்கள்.

சாப்பிட்ட சில மணி நேரத்தில் மேல் வயிற்றில் பொறுக்க முடியாத வலி வந்தால், அசிடிட்டி என்று மாத்திரை போட்டுக்கொண்டு படுக்காதீர்கள். பச்சை மீன் சாப்பிட்டதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். புழு இரைப்பையில் இருந்தால் எண்டோஸ்கோப்பி வழியாகவே பிடித்து எடுத்துவிடுவார்கள்.

– வாசகர், ஃபுகுவோகா