டயர் வாங்கும் முன்

அன்புள்ள கண்ணு,

நீ போனில் டயர் பற்றிக் கேட்டபோது கடையில் கம்ப்ரஸர் சத்தம். "மெசேஜ் போடுப்பா" என்று வைத்துவிட்டாய். மெசேஜில் அடங்குகிற விஷயமா இது? இவ்வளவு நாளும் மாப்பிள்ளைதான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டார். இப்போது நீ கேட்கிறாய். சரி, கேட்டதற்குச் சொல்கிறேன்.

ஆடி நோம்பிக்கு வந்தாயே, அன்று நீ தூங்கிய பிறகு டார்ச் அடித்து நான்கு டயரையும் பார்த்தேன். தொழில் புத்தி. முன் டயர்களில் நடுவில் பட்டன், அதாவது ரோட்டில் படுகிற ரப்பர் கட்டை, நன்றாக இருக்கிறது, இரண்டு ஓரமும் தேய்ந்திருக்கிறது. அப்படியென்றால் காற்று குறைவாகவே ஓடியிருக்கிறது. வெளி ஓரம் இன்னும் மோசம். வளைவில் வேகம் குறைக்காமல் திருப்புகிறாய். முன்பு நீ அப்படி ஓட்டமாட்டாய். கிலோமீட்டரும் பார்த்தேன். வீட்டுக்கும் ஆபீஸுக்கும் போய் வந்தால் அவ்வளவு ஓடாது. இருக்கட்டும்.

கடைக்காரர் அகலமான டயர் போடச் சொன்னார் என்றாய். உன் ஸ்விஃப்டுக்குக் கம்பெனி போட்டது 165/80 R14. முதல் எண்தான் அகலம், மில்லிமீட்டரில். அதையே போடு. 185 போட்டால் பார்க்க எடுப்பாக இருக்கும், காய்ந்த ரோட்டில் பிடிக்கும். ஆனால் மழைத் தண்ணீர் தேங்கிய இடத்தில் அகல டயர் சீக்கிரம் மிதக்கும். பெட்ரோலும் கூடக் குடிக்கும். அளவுக்குப் பக்கத்தில் 85T என்று இருக்கும். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும், T என்றால் 190 கிலோமீட்டர் வேகம் வரை. இதற்குக் கீழே எதைக் கொடுத்தாலும் வாங்காதே.

அடுத்தது ரப்பர். நாளெல்லாம் டவுனுக்குள் சுற்றும் டாக்ஸிக்காரர் கெட்டி ரப்பர் கேட்பார், அது நீண்ட நாள் வரும். உனக்கு அது வேண்டாம். நீ வருவது ராத்திரியில், ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி தாண்டி தொப்பூர் இறக்கத்தில். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் லாரி பின்னால் வரும், முன்னால் ஒருவன் திடீரென்று நிற்பான். ஈர ரோட்டில் பிரேக் பிடிக்கிற டயர்தான் உனக்கு வேண்டும். கொஞ்சம் சீக்கிரம் தேயும், தேயட்டும். தேய்ந்த லாரி டயருக்கு மேலே புது ரப்பர் ஒட்டி, ரீட்ரேடிங் போட்டுத்தான் உன்னைப் படிக்க வைத்தேன்; அதற்காகக் காருக்கு அதைச் சொல்லமாட்டேன்.

உன்னைத் தனியாக அந்த இறக்கத்தில் வர விடுவதா என்று பெரியப்பா சத்தம் போட்டார். "என் பொண்ணு உங்களைவிட நல்லா ஓட்டுவா" என்று சொல்லிவிட்டேன். சொன்னேனே தவிர, வண்டி கேட்டுக்குள் வரும்வரை படுக்கவில்லை. ரெண்டு மணிக்கு வந்து சேருகிற மாதிரி ஏன் கிளம்ப வேண்டும்? வெள்ளி சாயங்காலம் முடியாவிட்டால் சனி காலை வரலாமே.

இரண்டு மட்டும் மாற்றினால் போதுமா என்றாய். நான்கும் மாற்று. முடியாவிட்டால் புது ஜோடியைப் பின்னால் போடச் சொல். முன்சக்கரம்தான் வண்டியை இழுக்கிறது, முன்னால் போடலாம் என்று கடையில் வாதாடுவார்கள். கேட்காதே. மழையில் முன் டயர் வழுக்கினால் ஸ்டியரிங்கில் தெரியும், ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்துச் சமாளிக்கலாம். பின் டயர் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும். பவானி வளைவில் என்ன ஆனது என்று உனக்குத் தெரியும்.

டயரின் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசியில் நான்கு எண் இருக்கும். 2619 என்றால் 2019-இல் 26-வது வாரம் செய்தது. குனிந்து நீயே பார், அவர்கள் சொல்வதைக் கேட்டு வாங்காதே. புது டயர் என்று பழைய சரக்கைத் தள்ளுவது எங்கள் தொழிலில் புதிதில்லை. மாட்டியதும் சக்கரம் நேராக நிற்க அலைன்மென்ட், அதிராமல் சுற்ற பேலன்சிங், இரண்டும் பார்த்துவிடு. பள்ளத்துக்கு நடுவே சின்னத் திட்டு இருக்கும், 1.6 மில்லிமீட்டர் உயரம். பட்டன் தேய்ந்து அந்த மட்டத்துக்கு வந்தால் சட்டப்படி முடிந்தது. நீ மழையில் ஓட்டுகிறவள், 3 மில்லிமீட்டர் ஆகும்போதே மாற்றிவிடு.

காற்று. டிரைவர் கதவுத் தூணில் ஸ்டிக்கர் இருக்கிறது, அதில் உள்ளபடி காலையில் வண்டி சூடாகும் முன் அடி. வெயில் காலத்தில் குறைத்து அடி என்பவன் பேச்சைக் கேட்காதே. குறைந்தால்தான் பக்கம் மடங்கி மடங்கிச் சூடாகி வெடிக்கும். ஸ்டெப்னியிலும் பார். போன தடவை அதில் காற்றே இல்லை. நடு ராத்திரியில் கழற்றி மாட்ட உன்கூட யார் இருக்கிறார்கள்?

அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். சொல்கிற மாதிரி இருந்தால் சொல். மேல் அறையைச் சுத்தம் பண்ணி வைத்திருக்கிறாள், எதற்கென்று நான் கேட்கவில்லை. காற்றைப் பார், மறக்காதே.

டயருக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன், திருப்பி அனுப்பாதே. வண்டி யார் பேரில் இருந்தாலும் பில்லை உன் பேரில் போட்டு வாங்கு. வாரன்டிக்குப் போனால் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

அப்பா
நாமக்கல்