சயாமுக்குப் போனவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்த நாளான பிப்ரவரி 15 அன்று பேத்தியை பீச் ரோடு போர் நினைவுச் சின்னத்துக்கு அழைத்துப் போனேன். "நாலு தூண் எதுக்குத் தாத்தா?" என்றாள். சீனர், மலாய்க்காரர், இந்தியர், யுரேசியர் என்றேன். 1942இல் சூக் சிங் படுகொலையில் ஜப்பானியர் கொன்ற சீனர்களின் எலும்புகள் 1962இல் சிக்லாப் பக்கம் கிடைத்தன. சீனச் சமூகம் விடாமல் கேட்டது. 1967இல் சின்னம் எழுந்தது.

சரி, நம்மவர்கள்? போர்க்காலத்தில் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா (இன்றைய தாய்லாந்து-மியன்மார்) ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் காலராவிலும் பட்டினியிலும் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில், அந்தப் பாதையில் மாண்ட நேச நாட்டுப் போர்க் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. புல்கூட ஒழுங்காக வெட்டியிருக்கும். ராணுவம் பட்டியல் வைத்திருந்தது, கூலிக்காரனுக்கு யார் வைப்பது? எத்தனை தமிழர் மாண்டார்கள் என்பதற்கே இன்றுவரை உறுதியான கணக்கு இல்லை.

ஜப்பானியரை மட்டும் குறை சொல்வானேன். எங்கள் வீட்டில் பெரியப்பாவைப் பற்றிப் பேசியதே "சயாமுக்குப் போனார், வரல" என்கிற ஒற்றை வரிதான். அவர் பெயரையே எனக்கு நாற்பது வயதில்தான் சொன்னார்கள்.

இப்படி வீடுகளில் மிஞ்சியிருக்கும் பெயர்களை வாசகர்களிடம் கேட்டு வாங்கி, ஆண்டுதோறும் பிப்ரவரியில் ஒரு பக்கம் ஒதுக்கி வெளியிடுவீர்களா? முதல் பெயரை நான் அனுப்புகிறேன்.

வாசகர், ஈசூன்