டிஸ்ரப்டிவ்னு யாரைச் சொல்றீங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல ஒரு ஆப் கம்பெனி முதலாளியைப் பத்தி எழுதுறப்ப, "டிஸ்ரப்டிவ்வான பிள்ளைங்கதான் நாளைக்கு ஜெயிப்பாங்க"ன்னு ஒரு வரி போட்டிருந்தீங்க. படிச்சதுலேர்ந்து மனசு ஆறல சார். இதே வார்த்தையைத்தான் என் மகன் டைரியில சிவப்பு மையில எழுதி அனுப்பினாங்க, உட்கார மாட்டேங்கிறான், பக்கத்துப் பையனையும் படிக்க விடல, பாடமே நடத்த முடியலன்னு அர்த்தம். பேரன்ட்ஸ் மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் வாசிச்சாங்க, நான் தலை நிமிரல. அப்புறம் டாக்டர்கிட்ட போனப்பதான் ஏடிஹெச்டின்னு, அதாவது கவனம் நிலைக்காம அளவுக்கு மீறி துறுதுறுன்னு இருக்கிற பிரச்சனைன்னு தெரிஞ்சது. ஒரு காலத்துல ஏடிஹெச்டியை டிஸ்ரப்டிவ் நடத்தைக் கோளாறுகளோட சேர்த்து வச்சிருந்த அமெரிக்க மனநல மருத்துவர்களே 2013-ல வந்த டிஎஸ்எம்ங்கிற அவங்க மனநலக் கோளாறுகள் கையேட்டோட ஐந்தாம் பதிப்புல அதைப் பிரிச்சு, நரம்பு வளர்ச்சி சம்பந்தப்பட்ட பகுதிக்கு மாத்திட்டாங்க. உங்களுக்குத் தெரியாம இருக்காது, ஆனா உங்க மருத்துவப் பக்கத்துல நான் பார்த்தவரைக்கும் வரல. அதுல குறும்பு பண்ற பிள்ளையை அடக்குறது எப்படின்னுதான் வருது.

பிசினஸ் பக்கமாவது சரியா எழுதுதான்னா அதுவும் இல்ல. ஹார்வர்டு பேராசிரியர் கிளேட்டன் கிறிஸ்டென்சன் 1995-ல இன்னொருத்தரோட சேர்ந்து எழுதின கட்டுரையிலேர்ந்துதான் பிசினஸ்ல இந்த டிஸ்ரப்டிவ்ங்கிற பேச்சே பரவுச்சு. பெரிய கம்பெனிங்க லாபம் கம்மின்னு கண்டுக்காம விட்ட இடத்துல ஒருத்தன் விலை கம்மியா, சுமாரான சரக்கோட நுழைஞ்சு, மெல்ல மெல்ல தரத்தை ஏத்தி, கடைசியில பெரியவங்க இடத்தையே பிடிக்கிறது, அதுதான் அவர் சொன்னது. அமெரிக்காவுல பழைய இரும்பை உருக்கற சின்ன ஆலைங்க கட்டடக் கம்பியில ஆரம்பிச்சு மேல வந்த கதையைத்தான் உதாரணமா சொல்லுவார். 2015-ல அவரே இந்த வார்த்தையைக் கண்டபடி பயன்படுத்துறாங்கன்னு வருத்தப்பட்டு, ஊபர்கூட இதுல சேராதுன்னு எழுதினார். நீங்க புதுசா வர்ற ஆப் எல்லாத்துக்கும் இதே பட்டத்தைக் கொடுத்துட்டு இருக்கீங்க.

விமானத்துல கூச்சல் போடுறவங்களும் டிஸ்ரப்டிவ்தான். 2017-ல நம்ம நாட்டு விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கிற டிஜிசிஏ கொண்டு வந்த விதிப்படி வாய்ச்சண்டைக்கே மூணு மாசம் வரைக்கும் பறக்கத் தடை, உயிருக்கு ஆபத்து பண்ணினா ரெண்டு வருஷமோ அதுக்கு மேலயோ. முதலாளிக்குப் பாராட்டு, பயணிக்குத் தடை, பிள்ளைக்கு சிவப்பு மை, மூணுக்கும் ஒரே வார்த்தை போட்டா இங்கிலீஷ் அவ்வளவா தெரியாத அம்மாக்கள் என்னன்னு எடுத்துக்குவாங்க?

இன்னொண்ணும் ரொம்ப நாளா உறுத்துது. டிஸ்ரப்டிவ், டிஸ்டர்பிங், டிஸ்டர்ப்ட் மூணையும் உங்க நிருபர்கள் மாத்தி மாத்திப் போடுறாங்க. நடக்கிற வேலையைக் குலைக்கிறது முதலாவது. பார்க்கிறவங்க மனசைக் கலக்குறது ரெண்டாவது. மூணாவது, அந்த ஆளே மனசு கலங்கிப்போய் இருக்கிறது. ஒரு ஸ்கூல் செய்தியில சேட்டை பண்ணின பசங்களை "டிஸ்டர்ப்ட் மாணவர்கள்"னு போட்டிருந்தீங்க, அப்பவே எழுதினேன், பதில் இல்ல.

நான் கேக்கிறது சின்ன விஷயம். அந்த வார்த்தை வர்ற இடத்துல எந்த அர்த்தம்னு தமிழ்ல ஒரு வரி போடுங்க. பிள்ளைங்களைப் பத்தின செய்தின்னா அந்தப் பட்டத்தை விட்டுட்டு அவன் என்ன பண்ணினான்னு மட்டும் எழுதுங்க. இடம் பத்தலைன்னு இந்தக் கடிதத்தைச் சுருக்குறதா இருந்தா, கம்பெனி கதையை வெட்டிக்கோங்க, ஏடிஹெச்டி பகுதியில கை வைக்காதீங்க சார்.

இப்படிக்கு,
ஒரு பையனோட அம்மா