எதிர்க்காற்றில் போன மகளுக்கு

களுவாஞ்சிக்குடி,
2025 ஆகஸ்ட் 17

அன்புள்ள மகளுக்கு,

போனில் கதைத்தால் "ஓம் அம்மா, சரி அம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். எழுதி முடிந்ததும் தம்பி படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவான். எழுத்து விளங்காவிட்டால் பெரிதாக்கிப் பார். டொக்டர்மாரின் மருந்துச் சீட்டை விட என் எழுத்து எவ்வளவோ மேல்.

அன்றைக்கு "நான் முடிக்கேல்ல அம்மா" என்றாயே, அந்தக் குரல் இரண்டு கிழமையாகக் காதை விட்டுப் போகவில்லை. சோதனையில் தவறிய பிள்ளையின் குரல் அது. நானும் அவசரப்பட்டு, "உயிரோடு இருக்கிறாயே, அது போதும்" என்றேன். உனக்கு எரிச்சல் வந்தது. வந்தது நியாயம்தான். லண்டனிலிருந்து எடின்பரோ போய்த் திரும்ப சைக்கிளில் 1500 கிலோமீற்றருக்கு மேல், ஐந்து நாள் சொச்சத்தில். நாலு வருசத்துக்கு ஒருமுறைதான் நடக்கிறது. அதற்காக எத்தனை சனிக்கிழமைகளைக் கொடுத்தாய் என்று எனக்குத் தெரியும். நீ எடுக்காத போன்களை எண்ணினாலே தெரியும்.

முதன்முதலில் இதைப் பற்றிச் சொன்னபோது, முதலாவதாக வந்தால் என்ன தருவார்கள் என்று கேட்டேன். முதலாவது என்றே ஒன்று கிடையாது, நேரத்துக்குள் வந்து சேர்ந்தால் எல்லாரும் ஒன்றுதான் என்றாய். பிறகு அந்த இத்தாலிக்காரரின் கதையைச் சொன்னாய். 1897இல் பன்னிரண்டு பேர், சூரியன் எழும்பி மறைவதற்குள் ரோமிலிருந்து நேப்பிள்ஸ் வரை 230 கிலோமீற்றர் உழக்கினார்கள். அந்தத் துணிச்சலைச் சொல்லத்தான் இந்த மாதிரி ஓட்டத்துக்கு ஓடாக்ஸ் என்ற பெயர் வந்தது என்றாய். நான் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மட்டக்களப்பு டவுனிலிருந்து பொத்துவிலுக்குப் போய்த் திரும்பி வந்தாலும் அவ்வளவு வராது. பைத்தியங்கள் என்று நினைத்தேன். உனக்குச் சொல்லவில்லை.

ஆனால் காற்று என்று நீ சொல்லத் தொடங்கியதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஃபென்ஸ் என்று ஒரு இடம், சதுப்பை வடித்தெடுத்த தட்டையான நிலம், வேலியும் இல்லை மரமும் இல்லை, வாய்க்கால் ஓரமாக நேர் கோடு போட்டது போல ரோட்டு, காற்றைத் தடுக்க ஒரு பற்றை கூட இல்லை என்றாய். அது வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரை வயல்வெளி, வட்டைதானே மகள்! வரம்பும் காவல் வாடியும்தான் அங்கே இல்லை.

கச்சான் என்றால் உனக்குத் திருவிழாவில் விற்கும் வறுத்த கச்சான்தான் முதலில் ஞாபகம் வரும். எனக்குக் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் மழையை எல்லாம் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு மலையிறங்கி எங்கள் பக்கம் வருகிறது. இறங்க இறங்கக் காய்ந்து சூடாகிறது. மழை அவர்களுக்கு, சூடு எங்களுக்கு. ஆனி ஆடியில் பட்டிருப்புப் பாலத்தில் ஏறினவுடனே முகத்தில் அறையும். பாலம் தாண்டிப் போரதீவு வரை பரவாயில்லை, வீடு வளவு என்று மறைப்பு உண்டு. அதற்கப்பால் வெல்லாவெளிப் பக்கம் வட்டை தொடங்கினால், நான் ஒரு பக்கம், காற்று ஒரு பக்கம்.

இதிலே ஒரு அநியாயம் இருக்கிறது. காலையில் மேற்கே போகும்போது கச்சான் முகத்தில். வேலை முடிந்து பின்னேரம் கிழக்கே திரும்பும்போது கடற்காற்று எழும்பி, அதுவும் முகத்தில். இருபத்தெட்டு வருசம் மிட்வைஃபாக அந்த ரோட்டில் ஓடினேன், இரண்டு பக்கமும் எதிர்க்காற்று. கியர் இல்லை. வெள்ளைச் சேலை செயினில் மாட்டாமல் இருக்கக் கவர், பின் சில்லில் மாட்டாமல் இருக்க வலை, கரியலில் பிள்ளை நிறுக்கும் தராசு. ஒல்லாந்தில் கடலணை மேல் புயற்காற்றுக்கு எதிராக எட்டரைக் கிலோமீற்றர், கியர் இல்லாத சைக்கிளில் போட்டி வைக்கிறார்கள் என்று ஒரு வீடியோ அனுப்பியிருந்தாய். உன் அப்பா பார்த்துவிட்டு, "இதுக்குப் பரிசு குடுக்கிறாங்களாம், உனக்கு இன்கிரிமெண்டும் ஒழுங்காத் தரேல்ல" என்றார்.

பக்கத்து வீட்டு விஞ்ஞான ரீச்சர் சொன்னார், காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாகக் கூடுமாம். அதாவது வேகம் இரட்டித்தால் தடை நாலு மடங்கு. அவருக்கு அது புத்தகத்தில் இருந்தது, எனக்கு முழங்காலில் இருந்தது. விறகுக்காரருக்கும் தெரியும். விறகு கட்டின சைக்கிள்கள் வாய்க்கால் கட்டில் ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டு வரும். முன்னால் போகிறவன் களைத்தால் ஒதுங்கிப் பின்னால் போவான், அடுத்தவன் முன்னுக்கு வருவான். நீங்களும் அப்படித்தான் மாறி மாறிப் போவீர்கள் என்று சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. என்னைக் கண்டால் அந்த மனிசர் "மிஸ்ஸி, பின்னால வாங்க" என்று இடம் விடுவார்கள். காற்று சட்டென்று நின்றது போல இருக்கும். வியர்வை நாற்றமும் விறகு வாசமும் கலந்து வரும். இப்போதும் எங்காவது அந்த வாசம் வந்தால் கால் தானாக இலேசாகிறது.

வழியில் நிலையத்துக்கு நிலையம் அட்டையில் முத்திரை வாங்குவதைப் பெருமையாகச் சொன்னாய். யுத்த காலத்தில் எங்களுக்கும் சோதனைச் சாவடிக்குச் சாவடி இருந்தது. அடையாள அட்டை காட்டி, பெட்டியைத் திறந்து காட்டி, தராசு என்ன என்று விளக்கி, பிறகுதான் பாலம். உங்களுக்குத் தந்த மாதிரி எனக்கு யாரும் கேக் தரவில்லை. டோர்ச் பற்றரி கொண்டுபோகத் தடை இருந்த காலத்தில் ரயரில் உரசுகிற டைனமோதான் எனக்கு வெளிச்சம். உன் சைக்கிளிலும் சில்லுக்கு நடுவில் டைனமோ இருக்கிறது என்று தம்பி காட்டினான். நல்லது. மிதித்தால் வெளிச்சம், கடையைத் தேட வேண்டியதில்லை.

சரி, அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

ஆகஸ்ட் 4ஆம் திகதி, ஃப்ளோரிஸ் என்று பெயர் வைத்த புயல். வடக்கே போக வேண்டாம் என்று ஓட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். நீ ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் காற்றடித்த மெத்தையில் படுத்திருக்கிறேன் என்று செய்தி போட்டாய். உன் அப்பாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். புயலுக்குப் பள்ளிக்கூட மண்டபம் என்றால் எங்கள் ஆட்களுக்கு ஓட்டமா ஞாபகம் வரும்? 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு எனக்குப் பதினேழு வயது. ஓடு பறந்துவிட்ட பள்ளிக்கூடத்தில் மேசைக்கடியில் இருந்தோம். நடுவில் கொஞ்சம் ஓய்ந்தது. முடிந்துவிட்டது என்று சிலர் வெளியே போகப் பார்த்தார்கள், என் அம்மம்மா வாசலில் குறுக்கே படுத்துவிட்டா. பிறகு மற்றப் பக்கமாகத் திரும்பி அடித்தது. விடியப் பார்த்தால் தென்னைகள் எல்லாம் தலை இல்லாமல் நின்றன. அதனால், ஓட்டத்தை நிறுத்திய அந்த ஆள் யாரென்று தெரியாவிட்டாலும், அவருக்கு நான் தேங்காய் உடைத்துவிட்டேன். நீ கோபித்தாலும் பரவாயில்லை.

ஆனால் உன் ஆற்றாமை எனக்கு விளங்குகிறது. ஒருமுறை நான் திரும்பினேன். இதை உனக்குச் சொன்னதில்லை.

1996 ஆடி. வெல்லாவெளிக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து பதினான்கு வயதுப் பொடியன் ஒருவன் சைக்கிளில் வந்தான். அக்காவுக்குக் குத்துத் தொடங்கிவிட்டது, தலைப்பிள்ளை, வாகனம் ஒன்றும் இல்லை. மூன்று மணிக்கு வெளிக்கிட்டோம். அன்றைக்குக் கடற்காற்று எழும்பவே இல்லை, கச்சான் விடாமல் நின்றது. வட்டையில் ஏறினால் மிதிக்க மிதிக்க வண்டி நின்ற இடத்தில் நின்றது. இறங்கி உருட்டினேன். பொடியன் முன்னால் போவான், நின்று திரும்பிப் பார்ப்பான், காத்திருப்பான். ஒரு மருத மரத்தடியில் நின்று கணக்குப் பார்த்தேன். இன்னும் ஒன்றரை மணித்தியாலமாவது ஆகும். ஆறு மணிக்குச் சாவடி பூட்டிவிடும். வீட்டில் உனக்கு ஆறு வயது, தம்பிக்கு இரண்டு. அப்பா கொழும்பில்.

சவர்க்காரம், நூல், புது பிளேட், சுத்தமான துணி எல்லாவற்றையும் ஒரு பொதியாகக் கட்டி அந்தப் பொடியனிடம் கொடுத்தேன். அந்த ஊர் மருத்துவிச்சிக் கிழவிக்கு என்ன செய்ய வேண்டும், என்ன கண்டால் உடனே ட்ரக்டர் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஒரு கொப்பித் தாளில் எழுதினேன். திரும்பினேன்.

திரும்பினதும் காற்று முதுகுக்கு வந்துவிட்டது. மிதிக்காமலே சைக்கிள் ஓடியது. அந்தச் சுகம்தான் எனக்குப் பெரிய வெட்கமாக இருந்தது.

பிள்ளை அன்றைக்கே பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். ஆனாலும் தடுப்பூசிக்கு வரும் நாட்களில் அந்தத் தாயின் முகத்தைப் பார்க்காமல் கார்டைப் பார்த்தே கதைப்பேன். போன வருசம் கொக்கட்டிச்சோலைத் தேருக்குப் போனபோது அவளே வந்து கையைப் பிடித்தாள். நான் பழைய கதையை எடுத்தேன். அவள் சொன்னாள், "மிஸ்ஸி, நீங்க கூட வந்திருந்தா அவன் உங்களுக்காக நின்டு நின்டுதான் வந்திருப்பான். தனிய விட்டதால பறந்து வந்தான். நூல் வந்து கால் மணித்தியாலத்தில பிள்ளை பிறந்திட்டு."

அது உண்மையா, இல்லை என் மனம் ஆற வேண்டும் என்று சொன்னாளா, தெரியாது. இன்றைக்கும் நான் ஒரு முடிவுக்கு வரவில்லை. உன் விசயம் வேறு. நான் திரும்பினேன், உன்னைத் திருப்பினார்கள். நானாவது என்னைத் திட்டிக்கொள்ளலாம், நீ யாரைத் திட்டுவாய்? அதுதான் உன்னை உள்ளே குடைகிறது என்று நினைக்கிறேன். பிழை என்றால் கடிதம் போடு.

இன்னொன்று. இதில் எனக்குச் சொல்ல உரிமை இருக்கிறது, ஏனென்றால் ஆயிரம் இரவு முழித்திருக்கிறேன். விடியப்புறம் மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில் உடம்புச் சூடு குறைந்துபோகும். அந்த நேரத்தில் கண் திறந்திருந்தாலும் ஆள் உள்ளே இல்லை. பஸ் தரிப்பிடத்து வாங்கில் அரை மணித்தியாலம் படுத்ததை எனக்குத் தெரியாமல் அப்பாவிடம் சொன்னாயாம். எனக்கு அதில் கோபமே இல்லை. வாங்கில் படு, சேர்ச் வாசலில் படு. நித்திரையோடு மட்டும் உழக்காதே.

2027இல் பாரிஸ் என்று வாய் தவறிச் சொன்னாய். நான் கேட்காத மாதிரி இருந்தேன், ஆனால் தேடிப் பார்த்துவிட்டேன். 1891இல் தொடங்கியதாம், பாரிஸிலிருந்து ப்ரெஸ்டுக்குப் போய்த் திரும்ப 1200 கிலோமீற்றர், 90 மணித்தியாலம். அந்த வருசத்திலேயே 200, 300, 400, 600 என்று நாலும் ஓடிக் காட்டினால்தான் விடுவார்களாம். படத்தில் பார்த்தேன், ப்ரெஸ்ட் மேற்கே கடலோரம். மேல்காற்று என்றால் போகும்போது முகத்தில்தான். தெரிந்துகொண்டு போ.

அந்த ஜெல் பைக்கற்றுகளை மட்டும் நம்பாதே. கச்சான் அல்வாவும் எள்ளுருண்டையும் பார்சலில் வருகிறது, உப்புப் போட்டு வறுத்த கச்சான் ஒரு கிலோவும் வைத்திருக்கிறேன். அல்வா குளிரில் இறுகும், சட்டைப் பையில் உடம்போடு வை, பல்லை உடைத்துக்கொள்ளாதே.

என் பழைய சைக்கிளை இரும்புக்காரனுக்குக் கொடுக்கலாமா என்று தம்பி கேட்டான். நான் விடவில்லை. பின் ரியூப் மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன். வழமை போல மார்கழியில் லீவு எடுக்காதே, அப்போது மழைதான். அடுத்த ஆடியில் வா. பாலம் தாண்டி அந்த மருத மரம் வரைக்கும் போய்ப் பார்ப்போம். நீ முன்னால் போ, நான் உன் பின்னால் ஒதுங்கி வருகிறேன்.

அன்புடன்,
அம்மா