பாலாடையில் போய் அறை விழுந்த கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் மொழிப் பக்கத்தில் ஒரு வரி: "ஜெர்மானியர் வண்ணத்துப்பூச்சியைக்கூட அதட்டித்தான் கூப்பிடுகிறார்கள். 'ஷ்மெட்டர்லிங்' என்ற பெயர், ஓங்கி அறைவதைக் குறிக்கும் 'ஷ்மெட்டர்ன்' என்ற வினையிலிருந்து வந்தது." கட்டுரையாளர் எந்த அகராதியைப் பார்த்தார் என்று கேட்கமாட்டேன். பார்த்திருந்தால்தானே?

அது 'ஷ்மெட்டன்' என்பதிலிருந்து வந்தது. பாலாடை என்று பொருள். செக் மொழியின் 'ஸ்மெதானா' கிழக்கு ஜெர்மன் வட்டார வழக்கில் நுழைந்து இப்படித் திரிந்தது. (இசையமைப்பாளர் ஸ்மெதானாவின் பெயரும் பாலாடைதான். அவரை யாரும் அறையவில்லை.) சூனியக்காரிகள் இந்தப் பூச்சி உருவில் வந்து பாலாடை திருடுவதாக ஒரு காலத்தில் நம்பினார்கள். ஆங்கிலப் பெயரிலும் வெண்ணெய் இருக்கிறதே, அதையாவது கவனித்திருக்கலாம்.

1980களில் டிரெஸ்டனில் படித்தபோது பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி இருந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின், முன்பு ஜெர்மனியின் கிழக்குப் பகுதியாக இருந்த சிலேசியாவிலிருந்து வந்தவர். காபி கொடுத்துவிட்டு, மூக்கு உடைந்த பீங்கான் ஜாடியை என் பக்கம் நகர்த்தி "ஷ்மெட்டன்?" என்றார். பாடப்புத்தகத்தில் பாலாடைக்கு 'ஸாஹ்னே' என்ற பொதுவழக்குச் சொல்லை மட்டும் படித்திருந்த நான், அறை விழப்போகிறதோ என்று கோப்பையைப் பின்னுக்கு இழுத்தேன். எனக்கு வயது இருபத்திரண்டு. தங்கள் பத்திரிகைக்கு அந்தச் சாக்கு இல்லை.

முப்பது வருஷம் ஜெர்மன் சொல்லிக்கொடுத்தவன் நான். கல்யாணப் பந்தியில்கூட யாராவது "ஷ்மெட்டர்லிங்!" என்று கத்திக்காட்டிச் சிரிக்கிறார்கள். சரி, அவர்கள் ஜெர்மன் சொற்களை அதட்டலாகக் கத்திக்காட்டும் கேலி வீடியோக்களைப் பார்த்துக் கெட்டவர்கள். ஆனால் இதே மொழிப் பக்கம் முன்பு வௌவாலின் 'ஃப்ளேடர்மௌஸ்' என்ற பெயருக்குத் 'தோல் எலி' என்று பொருள் சொன்னது. சிறகடிக்கும் எலி என்பதே சரி என்று இரண்டு பக்கம் எழுதினேன். "தங்கள் மொழிப் பக்கம் அருமை" என்ற என் முதல் வரியை மட்டும் வெளியிட்டீர்கள்.

அப்புறம், 1942இல் ஜெர்மன் பாலூட்டியியல் அறிஞர்கள் கூடி, வௌவால் எலியே அல்ல என்று பெயரை 'ஃப்ளேடர்' எனச் சுருக்கத் தீர்மானித்ததும், செய்தித்தாளில் அதைப் படித்த ஹிட்லர் அவர்களை ரஷ்யப் போர்முனைக்கு அனுப்பிவிடுவதாக மிரட்டியதும் தாங்கள் அறியாததல்ல. நான் யாரையும் எங்கும் அனுப்பச் சொல்லவில்லை. அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போட்டால் போதும்.

இந்த முறை பாராட்டு எதையும் எழுதவில்லை. வெட்டி எடுத்துப் போட வசதியாக ஒரு வரியும் கிடைக்காது.

- ஓய்வுபெற்ற ஜெர்மன் ஆசிரியர், மயிலாப்பூர்