சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை: சோலைப் பறவைகளுக்காக ஒரு பத்தாண்டுத் திட்டம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம் சங்கத்தின் வேலையில் பெரும்பகுதி ஒரே விஷயத்தைச் சுற்றியே நடந்தது. கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயத்துக்கு அடுத்த பத்தாண்டு மேலாண்மைத் திட்டம் எழுதும்போது, நம் மலைக்கே உரிய பறவைகளுக்கு என்ன தேவை என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும் என்று ஒரு பரிந்துரை மனு தயாரித்தோம். அதைப் பற்றித்தான் இன்று அதிகம் பேசப் போகிறேன். மற்ற நிகழ்ச்சிகளைக் கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

புதிய உறுப்பினர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. சுமார் 600 சதுர கிலோமீட்டர் பரப்பு கொண்ட இந்தச் சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. அதில் 2022இல் செய்த திருத்தத்தின்படி, சரணாலயத்தை இனி தலைமை வன உயிரினக் காப்பாளர் ஒப்புதல் தந்த மேலாண்மைத் திட்டத்தின்படிதான் நடத்த வேண்டும். காட்டில் வாழும் மக்களின் உரிமைகளுக்கான வன உரிமைச் சட்டம் பொருந்தும் இடங்களில் கிராம சபையைக் கலந்து பேசிய பிறகே அந்தத் திட்டத்தைத் தயாரிக்க வேண்டும். ஆகவே திட்டத்தில் எழுதாத வேலைக்குப் பணமும் வராது, ஆளும் வராது. 'அதிகாரிகள் பார்த்துக்கொள்வார்கள்' என்று நாம் சும்மா இருக்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

எந்தப் பறவைகளை மனதில் வைத்து எழுதினோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சோலை என்று நாம் சொல்வது, உயர்ந்த மலைகளின் மடிப்புகளில் புல்வெளிகளுக்கு இடையே வளரும் அடர்ந்த பசுமைமாறாக் காட்டை. பழனி சிரிப்பானும் வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளியும் பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே உள்ள உயர்ந்த மலைகளில் மட்டுமே வாழ்பவை. உலகில் வேறெங்கும் கிடையாது. பெயரில் கிளி இருந்தாலும் சோலைக்கிளி கிளி இனம் அல்ல. அது அடர்ந்த நிழலில், தரையை ஒட்டிய புதர்களுக்குள், சருகைக் கிளறிப் பூச்சி தேடும் பறவை. வெட்டவெளியைத் தாண்டி நெடுந்தூரம் பறக்கும் வழக்கம் அதற்கு இல்லை. நீலகிரி காட்டுப்புறாவோ எந்த மரம் பழுக்கிறதோ அங்கே போகும். சோலை மரங்களின் பழத்தை முழுசாக விழுங்கி, கொட்டையை வேறிடத்தில் போட்டுவிட்டு வரும். நீலகிரி நெட்டைக்காலி இவற்றுக்கு நேர் எதிர். அதற்கு மரமே ஆகாது. மலை உச்சிப் புல்வெளியில் தரையில் கூடு வைக்கும் பறவை அது. ஆக, ஒரே மலையில் நிழல் இல்லாமல் வாழ முடியாத பறவையும் உண்டு, நிழல் விழுந்தால் வாழ முடியாத பறவையும் உண்டு. 'மரம் நடுவோம்' என்ற ஒற்றை வரியில் முடிகிற திட்டம் இங்கே உதவாது என்பதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதினோம்.

புல்வெளியைத் தரிசு நிலம் என்று நினைத்த காலம் ஒன்று இருந்தது. அந்த நினைப்பில்தான் வாட்டில் என்ற சீகை மரத்தையும் யூகலிப்டசையும் பைனையும் கொண்டுவந்து நட்டார்கள். 2018இல் வெளியான ஓர் ஆய்வு செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு, 1973 முதல் 2014 வரையிலான நாற்பதாண்டுகளில் பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று காட்டியது. பெரும்பகுதியைத் தோட்ட மரங்கள் எடுத்துக்கொண்டன, மீதியை விவசாயம். நம் மூத்த உறுப்பினர்கள் 'அந்த மேடு அப்போது வெறும் புல்தான்' என்று கை காட்டுகிற இடங்களில் இன்று வாட்டில் நிற்கிறது.

அப்படியானால் வாட்டிலை எல்லாம் வெட்டிவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். நம் கூட்டங்களில் அதிக நேரம் இந்த வாதத்துக்குத்தான் போனது. இரண்டு பக்கமும் அக்கறையோடு பேசினார்கள். கடைசியில் நேரில் போய்ப் பார்த்ததுதான் முடிவுக்கு உதவியது.

வனத்துறை அனுமதியோடு, வனக்காப்பாளரும் உடன் வர, ஒரு பழைய வாட்டில் தோட்டத்துக்குள் நடந்தோம். மேலே பார்த்தால் வாட்டில்தான். குனிந்து பார்த்தால் முழங்கால் உயரத்துக்குச் சோலைக் கன்றுகள். நாவல் வகைகள், காட்டு இலவங்கம், இன்னும் பெயர் உறுதி செய்ய வேண்டிய சில. ஒரு விழுந்த கிளையின்மேல் பறவை எச்சம், அதில் கொட்டைகள் அப்படியே இருந்தன. சோலைக் கன்றுகளால் வெட்டவெளியின் உறைபனியையும் நேர் வெயிலையும் தாங்க முடியாது. வாட்டிலின் நிழல் அவற்றுக்குக் கூரையாக நிற்கிறது. அந்தக் கூரையை ஒரே நாளில் பிரித்தால் கன்றுகள் கருகிவிடும். வெளிச்சம் பட்ட மண்ணிலிருந்து புதிய வாட்டில்தான் அடர்ந்து எழும்பும்.

அடுத்து, பக்கத்திலேயே இருந்த புல்வெளி ஓரத்துக்குப் போனோம். அங்கே கதை வேறு. புல்லுக்கு நடுவே விரல் பருமனில் வாட்டில் கன்றுகள், காட்டிலிருந்து வெளியே வர வர உயரம் குறைந்துகொண்டே போயின. முந்தைய நாள் மழை பெய்து மண் ஈரமாக இருந்ததால் ஒன்றைப் பிடுங்கினோம், வேரோடு வந்தது. வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள், நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்ப்பவை அவைதான். ஏழை மண்ணில் வளரப் பழகிய மலைப்புல்லுக்கு அந்தக் கூடுதல் உரம் நல்லதல்ல. காய்ந்த மண்ணில் இதே கன்றை இழுத்தால் தண்டு ஒடிந்து, அடியிலிருந்து நாலாகத் துளிர்க்கும்.

இந்த இரண்டு இடங்களையும் பார்த்த பிறகு மனுவின் வரிசை தானாகவே அமைந்தது. முதலில், இன்னும் திறந்திருக்கும் புல்வெளிகளின் ஓரங்கள். ஒரு கன்றைக் கையால் பிடுங்கும் வேலை, ஐந்தாண்டு கழித்து ரம்பம் கேட்கும். இருப்பதைக் காப்பாற்றுவதுதான் மிகக் குறைந்த செலவு, மிக அதிகப் பலன். சோலைக் கன்றுகள் வந்துவிட்ட பழைய தோட்டங்களை வெட்டாமல் விட வேண்டும். கன்றுகள் ஆள் உயரம் தாண்டிய பிறகு மேலே நிற்கும் வாட்டிலில் சிலவற்றை மட்டும் பட்டையை வளையமாக உரித்து, நின்றபடியே காயவிடலாம். கீழே எதுவுமே முளைக்காத அடர்ந்த தோட்டங்களைப் பகுதி பகுதியாக எடுப்பது அதற்குப் பிறகுதான். மூன்றையும் ஒரே வேகத்தில் செய்யச் சொல்வது நல்லதல்ல என்பது செயற்குழுவின் முடிவு. எனக்கும் அதில் முழு உடன்பாடு.

எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இது: திட்டம் உறுதி தர வேண்டியது வெட்டுவதற்கு அல்ல, வெட்டிய இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதற்கு. வாட்டில் விதையின் ஓடு கெட்டி. மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். ஒரு காட்டுத்தீ போதும், அத்தனையும் ஒன்றாக முளைத்துவிடும். முதல் ஆண்டு பெரும் பணத்தில் வெட்டிவிட்டு மூன்றாம் ஆண்டு யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்றால், வெட்டாமலே விட்டிருக்கலாம். முன்பைவிட நெருக்கமான வாட்டில் காடுதான் மிஞ்சும். ஆகவே ஒவ்வோர் இடத்துக்கும் தொடர்ந்து பராமரிக்கும் செலவை முதலிலேயே ஒதுக்க வேண்டும், அது முடியாத அளவுக்குப் புதிய இடத்தை எடுக்கவே கூடாது என்று கேட்டிருக்கிறோம். தீ பட்ட இடம் எதுவானாலும் அடுத்த மழைக்காலத்தில் அங்கே கன்று பிடுங்கப் போக வேண்டும் என்பதையும் தனி வரியாகச் சேர்த்தோம். தமிழ்நாடு அரசு 2022இல் அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டதால், இதைக் கேட்க இப்போது நல்ல நேரம்.

வெட்டிய மரம் என்ன ஆகும் என்று பலர் கேட்டீர்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 29ஆம் பிரிவின்படி, சரணாலயத்துக்குள்ளிருந்து எதையும் எடுப்பது வன உயிரினங்களின் நன்மைக்காக மட்டுமே இருக்க வேண்டும். எடுத்ததை உள்ளேயும் சுற்றியும் வாழும் மக்களின் சொந்தத் தேவைக்குக் கொடுக்கலாம், வியாபாரத்துக்கு விட முடியாது. இது நல்ல விதி. பணம் வருகிற மரமாகிவிட்டால், எந்த மரத்தை எப்போது வெட்டுவது என்பதைப் பறவையை வைத்து முடிவு செய்ய மாட்டார்கள். இந்த மலையின் பழங்குடிகளான பளியர் குடியிருப்புகளுக்கு விறகு முதலில் போக வேண்டும், கன்று பிடுங்கும் கூலி வேலையும் முதலில் அவர்களுக்கே என்று எழுதினோம். எந்த ஓடையில் தண்ணீர் எப்போது வற்றுகிறது, எந்தச் சோலையில் எது பழுத்திருக்கிறது என்று அவர்களைக் கேட்டுத்தான் நாம் பலதும் தெரிந்துகொண்டோம். கிராம சபையில் பேசுவது வெறும் கையெழுத்துச் சடங்காகப் போய்விடக் கூடாது.

பறவைக் கணக்கெடுப்பு பற்றி ஒரு வார்த்தை. ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் வழக்கம்போலக் கலந்துகொண்டோம். ஆனால் பத்தாண்டுத் திட்டம் பலன் தருகிறதா என்று பார்க்க அது மட்டும் போதாது. அதே புள்ளிகளில், அதே மாதங்களில், அதே நேர அளவுக்கு நின்று கேட்டுக் குறிக்க வேண்டும். கேட்டு என்றுதான் சொல்கிறேன். சோலைக்குள் கண்ணில் படுவதைவிடக் காதில் விழுவதுதான் அதிகம். அதற்காகப் புதியவர்களுக்குக் குரல் அடையாளப் பயிற்சி தொடங்கியிருக்கிறோம். பதிவு செய்த குரலைக் காட்டுக்குள் ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது இனி நம் நடைகளில் கிடையாது. எல்லைக்குள் எதிரி வந்துவிட்டது என்று நினைத்துக் கூட்டை விட்டு வரும் பறவைக்கு அது வீண் அலைச்சல். கோடையில் பெரும்பாலான சோலைப் பறவைகள் கூடு வைப்பதால், ரம்பம் வைக்கிற எந்த வேலையும் அந்த மாதங்களில் வேண்டாம் என்றும் கேட்டிருக்கிறோம்.

திட்டக் காலத்துக்குள்ளேயே 2030 வருகிறது. 2018இல் பூத்த குறிஞ்சி மறுபடி பூக்க வேண்டிய ஆண்டு. கூட்டம் எப்படி வரும் என்பது நமக்குத் தெரியும். வண்டி நிறுத்தும் இடமும் நடைபாதையும் மிச்சமிருக்கும் புல்வெளிமேல் போய்விடாதபடி இப்போதே வரைபடத்தில் குறித்துவிட வேண்டும் என்பது மனுவின் கடைசிக் கோரிக்கை.

மற்றவை சுருக்கமாக. பள்ளி மாணவர்களுக்கான காலை நடைகள் தொடர்ந்தன. பிளாஸ்டிக் பொறுக்கும் பணி மழையால் ஒருமுறை தள்ளிப்போய், அப்புறம் நடந்தது. நூலகத்துக்குப் பறவைக் கையேடுகள் வாங்கினோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் அவரைப் பார்க்கவும்.

வரும் ஆண்டில் மனுவை வன அலுவலரிடம் நேரில் கொடுப்பதும், கிராம சபைக் கூட்டங்களில் போய் உட்காருவதும் முதல் வேலை. வடகிழக்குப் பருவமழை நின்று மண் ஈரம் காயும் முன், அனுமதி கிடைக்கும் புல்வெளி ஓரங்களில் கன்று பிடுங்கும் பணி தொடங்கும். ஒருமுறை வந்துபோவதற்கு அல்ல, ஒரே இடத்துக்கு ஆண்டுதோறும் வரக்கூடியவர்கள் வேண்டும். பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள். கையுறையைச் சங்கமே தரும்.

இப்படிக்கு,
செயலாளர்